சுவத்துல ஒரு குமிழ்: சத்தம் யார் கையில இருக்கணும்?

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னப் பொருளைப் பத்தினது. சுவத்துல, ஃபேன் ரெகுலேட்டருக்குப் பக்கத்துல, கிட்டத்தட்ட அதே சைஸ்ல இருக்கற ஒரு வட்டக் குமிழ். திருப்பினா ஃபேன் ஓடாது. அந்த ரூம்ல ஓடுற பாட்டு கூடும், குறையும். அவ்வளவுதான் அதோட வேலை. ஆம்ப்ளிஃபையர் ஹால்ல ஒரு அலமாரிக்குள்ள இருக்கும். ஸ்பீக்கர் ஒவ்வொரு ரூம்லயும் சீலிங்ல இருக்கும். நடுவுல இந்தக் குமிழ்.

"போன்லயே வால்யூம் மாத்தலாமே, இதுக்கு எதுக்கு ஒரு எபிசோட்?"னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்.

நான் பல்லடத்துக்காரன். வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்குப் பல்லடம்னா கறிக்கோழி விலை ஞாபகம் வரும். எங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது தறிச் சத்தம். இங்க இருந்து சோமனூர் வரைக்கும் எந்தச் சந்துல நுழைஞ்சாலும் ஒரு தறி குடோன் இருக்கும். காடா துணி ஓடிட்டு இருக்கும். உள்ள நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடி வாங்கிட்டே போய் வரும். அந்த "டடக் டடக்" சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். உள்ள நின்னு பேச முடியாது. கையாலயும் உதட்டாலயும்தான் பேசணும். அந்தக் குடோன்ல 12 மணி நேர ஷிஃப்ட்டுங்கறது சர்வ சாதாரணம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். என் சித்தப்பா பையன் இங்க வீடு கட்டிட்டு இருக்கான். ஆறு ரூம்லயும் பாட்டு கேக்கணும்னு அவனுக்கு ஆசை. "நீதான் இன்ஜினியர் ஆச்சே, ஏதாவது ஐடியா குடு"ன்னு சொன்னான். அந்த வீட்டுல எங்க அப்பாருவும் இருக்கப் போறாரு. நாப்பது வருஷம் தறியில நின்னவரு. அவர் டிவி பார்த்தா நாலு வீடு தள்ளி இருக்கறவங்களுக்கும் நியூஸ் கேக்கும். வீட்டுல தினமும் இதுதான் சண்டை. "கொஞ்சம் கொறைங்க"ன்னு ஒருத்தர் கத்துவாங்க. "எனக்குக் கேக்கவே இல்லையே கண்ணு"ன்னு அவர் சொல்வாரு. ரெண்டு பேரும் சொல்றது உண்மை.

இரைச்சலால காது போறதுக்கு ஒரு தனி ஒழுங்கு இருக்கு. எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி குறையாது. முதல்ல அடி வாங்கறது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதி, குறிப்பா 4000 ஹெர்ட்ஸ் பக்கம். உயிரெழுத்து ஓசை எல்லாம் அதுக்குக் கீழ இருக்கு, அதனால அது கேக்கும். ச, த, க மாதிரி மெய்யோசைகளோட கூர்மை மேல இருக்கு, அது தேஞ்சு போகும். அதனாலதான் "நீ பேசறது கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியல"ன்னு சொல்லுவாங்க. பெரியவங்க வேணும்னே அப்படிச் சொல்றதில்ல. அவங்க காதுக்குள்ள நடக்கறதை அவ்வளவு துல்லியமா சொல்றாங்க.

இந்தக் கணக்கையும் கேளுங்க. அமெரிக்காவுல நியாஷ்னு ஒரு தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. அவங்க பரிந்துரைப்படி 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி நேரம். 91க்கு 2 மணி நேரம். 94க்கு ஒரே ஒரு மணி நேரம். இப்ப 12 மணி நேர ஷிஃப்ட்டை நினைச்சுப் பாருங்க. நம்ம நாட்டுலயும் 2025 வரைக்கும் நடப்புல இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தோட மூணாவது அட்டவணையில, இரைச்சலால வர்ற காது கேளாமை ஒரு தொழில்நோய்னு இருந்தது. ஆனா அந்தச் சட்டப்படி மின்சாரத்துல ஓடுற இடத்துல 10 பேராவது வேலை பார்த்தாத்தான் அது தொழிற்சாலையா இருந்தது. எட்டுத் தறியும் ரெண்டு ஆளும் இருக்கற குடோன் அந்தக் கணக்குலயே வரல.

சரி, இதுக்கும் ரூம் ரூமா ஸ்பீக்கர் வைக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?

திறந்த வெளியில, தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள்ள சுவர் எதிரொலிக்கறதால அவ்வளவு குறையாது, ஆனா பேச்சு குழம்பிடும். ஹால்ல ஒரு பெரிய ஸ்பீக்கரை வெச்சு, கடைசி ரூம்ல இருக்கறவருக்குக் கேக்கணும்னு ஏத்தினா, ஹால்ல இருக்கறவங்க காது போயிடும். அதுமட்டும் இல்ல. காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோணணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும். அதுக்கு ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு பவர் குடுக்கணும். ஒரு பெரிய ஸ்பீக்கர் கத்தறதுக்குப் பதிலா, ஆறு சின்ன ஸ்பீக்கர் ஆளுக்குப் பக்கத்துல மெதுவாப் பேசறது நல்லது. யாருக்கு எவ்வளவு வேணும்னு அந்தந்த ரூம்ல இருக்கறவங்களே முடிவு பண்ணணும். குமிழ் வர்றது இந்த இடத்துலதான்.

கொஞ்சம் இன்ஜினியரிங். பயப்படாதீங்க, ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான்.

சாதாரண ஸ்பீக்கர் 8 ஓம். ஆறு ரூம் ஸ்பீக்கரையும் ஒரே சேனல்ல பேரலலா மாட்டினா 8ஐ 6ஆல வகுக்கணும். 1.33 ஓம். நிறைய வீட்டு ஆம்ப்ளிஃபையர் 4 ஓமுக்குக் கீழ தாங்காது. சூடாகி நின்னுடும், இல்லேன்னா புகையும். அதனால நல்ல சுவர்க் குமிழுக்குள்ள ஒரு சின்ன ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது வோல்டேஜைக் குறைக்கும். கூடவே ஆம்ப்ளிஃபையர் பக்கம் இருந்து பார்த்தா ஸ்பீக்கரோட ஓம் பெருசாத் தெரியும். உள்ள ஜம்பர்ல 2, 4, 8னு வெச்சுக்கலாம். நாலுல வெச்சா 8 ஓம் ஸ்பீக்கர் 32 ஓம் மாதிரி தெரியும். ஆறு ரூம் சேர்ந்தா 5.33 ஓம். ஆம்ப்ளிஃபையர் தப்பிச்சுது. இதுக்கு ஒரு விலை உண்டு. குமிழை முழுசாத் திறந்தாலும் அந்த ரூமுக்குக் கால் பங்கு பவர்தான் போகும். 8 ஓமுக்கு 100 வாட்ஸ் குடுக்கற ஆம்ப்ளிஃபையர்னா ரூமுக்கு 25 வாட்ஸ். பெட்ரூமுக்கு அது ரொம்பவே தாராளம்.

குமிழைத் திருப்பும்போது "டிக் டிக்"னு படிப்படியா நிக்கும். பெரும்பாலும் ஒரு படி 3 டெசிபல். அதாவது ஒவ்வொரு படிக்கும் பவர் பாதி. பத்துப் படி இறங்கினா ஆயிரத்துல ஒரு பங்கு. 20 வாட்ஸ் 20 மில்லிவாட்டா ஆயிடும். அப்பவும் ராத்திரி அமைதியான ரூம்ல பாட்டு கேக்கும். நம்ம காது அப்படிப்பட்ட மிஷின்.

விலை குறைச்சலா இன்னொரு வகை வருது, எல்-பேட். அதுக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர் இல்ல, வெறும் ரெசிஸ்டர். ஸ்பீக்கருக்குப் போகாத பவரை அது சூடா மாத்தும், அதுவும் சுவத்துக்குள்ள, மூடின டப்பாவுல. ஓமையும் அது ஏத்திக் குடுக்காது. ஒரே ஒரு ஸ்பீக்கர், சின்ன வாட்ஸ்னா பரவாயில்ல. ஆறு ரூமுக்கு வேண்டாம்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் யாராவது "ஃபேன் ரெகுலேட்டரையே போட்டுடலாமே"ன்னு சொன்னா, மரியாதையா வேண்டாம்னு சொல்லுங்க. இப்ப வர்ற ரெகுலேட்டர்ல நிறைய கெப்பாசிட்டர் வகை. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுக்காகச் செஞ்சது. பாட்டு அது வழியாப் போனா கீழ் ஸ்தாயி எல்லாம் அங்கேயே நின்னுடும். தபேலா காணாமப் போகும், ஜால்ரா மட்டும் மிஞ்சும்.

மண்டபம், கோயில், பனியன் கம்பெனி இங்கெல்லாம் வேற முறை. 100 வோல்ட் லைன். அகூஜா மாதிரி ஆம்ப்ளிஃபையரோட பின்னாடி பாருங்க, 4, 8, 16 ஓம் முனைகளோட 70 வோல்ட், 100 வோல்ட்னு இருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். 10 வாட்ஸ் ஸ்பீக்கர் அந்த லைனுக்கு 1000 ஓமாத் தெரியும். கரண்ட் 0.1 ஆம்பியர்தான். அதே 10 வாட்ஸ் 8 ஓம்ல போனா 1.1 ஆம்பியர். ஒயர் நீளமானா வித்தியாசம் புரியும். கணக்கும் சுலபம், வாட்ஸைக் கூட்டினாப் போதும். ஆனா பெரும்பாலும் மோனோ, சின்ன டிரான்ஸ்ஃபார்மர்னா பேஸ் போயிடும். அறிவிப்புக்குச் சரி. இளையராஜா பேஸ் கிட்டார் கேக்கணும்னா யோசிக்கணும்.

இப்ப கொஞ்சம் வரலாறு. ஒயர்ல வந்து, பல பேரு கேக்கற சத்தம் நமக்குப் புதுசு இல்ல. மெட்ராஸ் மாநகராட்சி 1930லயே ரேடியோ ஒலிபரப்பு ஆரம்பிச்சுது. 1938 ஜூன் 16 அன்னைக்கு அகில இந்திய வானொலி அங்க வந்தது. அந்த மாநகராட்சிக் காலத்துல பார்க்குலயும் பீச்சுலயும் ஒலிபெருக்கி வெச்சாங்க. அப்புறம் ஊர் ஊருக்குப் பஞ்சாயத்து ரேடியோ. ஊருக்கே ஒரு குமிழ். அது யார் கையில இருந்ததோ அவர்தான் ஊருக்கு வால்யூம்.

சிங்கப்பூர்ல 1949ல ரீடிஃப்யூஷன் வந்தது. ஒயர் இழுத்து வீட்டுக்கு வீடு, காபிக் கடைக்குக் காபிக் கடை ஒரு பெட்டி. மாசச் சந்தா. ஹொக்கியன், கான்டனீஸ்ல கதை சொல்றவங்களுக்காகவே ஜனங்க காத்துக் கிடந்தாங்க. 1979ல அரசாங்கம் மாண்டரின் பேசும் இயக்கத்தை ஆரம்பிச்சுது. சில வருஷத்துல அந்த வட்டார மொழிக் கதைகள் நின்னுபோச்சு. 2012ல அந்தச் சேவையே நின்னுது. வால்யூம் குமிழ் வீட்டுக்காரர் கையில இருந்தது. என்ன கேக்கணும்ங்கறது அவர் கையில இல்ல.

நம்ம காலத்துக்கு வருவோம். நான் சாஃப்ட்வேர் எழுதறவன், அதனால இதைத் தைரியமாச் சொல்றேன். சோனோஸ் கம்பெனி 2020 ஜனவரியில, பழைய மாடல்களுக்கு அந்த மே மாசத்தோட புது அப்டேட் நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்தது. வயசானது சாஃப்ட்வேருக்கு. 2024 மே மாசம் புது ஆப் விட்டாங்க. அலாரம் வசதி உட்படப் பழசுல இருந்த பல விஷயம் அதுல இல்ல. ஜனங்க கொதிச்சாங்க. 2025 ஜனவரியில அந்தக் கம்பெனியோட தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவியை விட்டுப் போனாரு. நல்ல கம்பெனி, நல்ல ஸ்பீக்கர். ஆனா சுவத்துக்குள்ள போற விஷயம் முப்பது வருஷம் இருக்கணும். ஆப்புக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது. இன்னொண்ணு, ஆப் யார் போன்ல இருக்கோ அவர்தான் வீட்டுக்கு வால்யூம். பஞ்சாயத்து ரேடியோ மறுபடியும் வந்த மாதிரிதான்.

அதனால சித்தப்பா பையனுக்கு நான் சொன்னது இதுதான். பாட்டு எங்க இருந்து வேணும்னாலும் வரட்டும். போன், புளூடூத், எதுவா இருந்தாலும் சரி. அதை ஹால் அலமாரியில வை, நாளைக்கு மாத்திக்கலாம். சுவத்துக்குள்ள செம்பு ஒயரும் குமிழும் மட்டும் போடு. அப்பாரு ரூம்ல சீலிங் ஸ்பீக்கர் மட்டும் போதாது. அவர் உக்கார்ற சேருக்குப் பக்கத்துல, காது உயரத்துல ஒண்ணு வை. குமிழைக் கட்டில்ல இருந்து கை எட்டற இடத்துல வை, பெரிய குமிழா வை. டிவி சத்தமும் அதே வழியா வரட்டும்.

வீடு கட்டறவங்களுக்கு இன்னும் சில விஷயம். பூசறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, அப்புறம் சுவத்தைக் கொத்தறது கஷ்டம். டிரான்ஸ்ஃபார்மர் வகைக் குமிழ் ஆழமா இருக்கும், அதனால குமிழை முதல்ல வாங்கி அளவு பார்த்துட்டு சுவத்துல டப்பா பதிக்கச் சொல்லுங்க. 230 வோல்ட் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் ஒரே பைப்புலயோ ஒரே டப்பாவுலயோ வேண்டாம். உர்ருனு இரைச்சல் வரும்ங்கறது சின்னப் பிரச்சினை, ஆபத்துங்கறது பெருசு. ரெண்டும் சந்திக்கற இடத்துல குறுக்கா வெட்டிப் போகட்டும், பக்கத்துலயே இணையா ஓட வேண்டாம். ஒரு பைப் காலியா விட்டு வைங்க, பின்னாடி எதுக்காவது ஆகும்.

கடைசியா ஒண்ணு. குமிழ் சண்டையைக் குறைக்கும், போன காதைத் திருப்பித் தராது. இரைச்சலால உள்காதுல செத்துப்போன முடிச்செல் மறுபடி முளைக்காது. உங்க வீட்டுல தறியிலயோ மில்லுலயோ வேலை பார்த்தவங்க இருந்தா ஒரு தடவை ஆடியோமெட்ரி டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலிக்காது, ஹெட்ஃபோன் மாட்டி "கேக்குதா"ன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். காது மிஷின் வேணுமான்னு டாக்டர் சொல்வாரு. இன்னைக்கும் குடோனுக்குப் போறவங்க இருந்தா, ஒரு ஜோடி காதடைப்பான் வாங்கிக் குடுங்க. ஒரு டீ, வடை காசுல ஃபோம் அடைப்பான் கிடைக்கும். தறிக்குக் குமிழ் கிடையாது. அங்க சத்தத்தைக் குறைக்கற ஒரே கருவி, காதுல வெச்சுக்கற அதுதான்.

இந்த எபிசோட் அவ்வளவுதான் மக்களே. அடுத்த தடவை சந்திப்போம். ஹெட்ஃபோன்ல கேக்கறவங்க வால்யூமை ரெண்டு புள்ளி குறைச்சுக்கோங்க.