பந்தம் பிடித்தவள் காளி, பாட்டு எழுதியவர் கம்பர்

ராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூருக்கு வந்து கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

"கணினி கதை எழுதும் காலத்திலே திரைக்கலையை வாழவைப்பது அரசின் சலுகையா, மனிதனின் கற்பனையா?" எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி விரல்விட்டு எண்ணினார். 2006-இலே தமிழ்ப் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி விலக்கு என்றார். குறைந்த செலவிலே எடுத்த தரமான படத்துக்குத் தமிழக அரசு ஏழு லட்ச ரூபாய் மானியம் கொடுத்தது என்றார். வெளிநாட்டுக்காரர் இந்தியாவிலே வந்து படம் எடுத்தால் செலவிலே 40 விழுக்காடு வரைக்கும், அதிகபட்சம் 30 கோடி திருப்பித் தருவோம் என்று 2023-இலே மத்திய அரசு அறிவித்ததையும் சொன்னார். ஐயா, தன் வீட்டுக் கடனுக்குக்கூட இவ்வளவு கணக்கு வச்சிருக்க மாட்டார்! (சிரிப்பு)

நான் மறுக்கலை. 'ரோபோ' என்று பேசப்பட்ட படம் 2010-இலே 'எந்திரன்' என்று வந்தது. தமிழ் வாத்தியார் நான், சந்தோஷப்பட்டேன். ஆனா நடுவர் அவர்களே, பேரைத் தமிழாக்க ஓர் அரசாணை போதும். உள்ளே இருக்கிற கதையை எந்த அரசாணை எழுதும்?

இந்த ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். கம்பர் இங்கே ராத்திரி உட்கார்ந்து இராமாயணம் எழுதினார். வட்டப்பாறை அம்மன் பந்தம் பிடிச்சா என்று நம்ம பாட்டிமார் சொல்லுவாங்க. பந்தம் இல்லேன்னா இருட்டு, எழுத முடியாது. ஒப்புக்கிறேன். ஆனா காளியே பிடிச்சாலும் அது பந்தம்தானே? அவ ஒரு வரி எழுதினாளா? அரசு கொடுக்கிற மானியம் அந்தப் பந்தம். இப்ப வந்திருக்கிற செயற்கை நுண்ணறிவும் பந்தம்தான். என்ன, இந்தப் பந்தம் "நகரு, நானே எழுதறேன்" என்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

கம்பரைச் சொன்னால் மகனைச் சொல்லணும். அம்பிகாபதி. காதல் வாடையே இல்லாமல் கடவுள்மேல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்றான் சோழன். மறைவிலே இருந்து எண்ணிய அமராவதி, கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிட்டா. தொண்ணூற்றொன்பது முடிஞ்சதும் நூறு ஆயிடுச்சு என்று வெளியே வந்தா. அவ முகத்தைப் பார்த்தான், காதலைப் பாடினான், தலை போச்சு. ஒரு கணினி எண்ணியிருந்தால் கணக்குத் தப்பியிருக்காது. பையன் பிழைச்சிருப்பான். ஆனா அப்படிப் பிழைச்ச அம்பிகாபதியை இன்னிக்கு யாருங்க நினைச்சுக்கிட்டிருப்பா?

விளையாட்டுக்குச் சொல்லலை. நடந்தே போச்சு. 2013-இலே தனுஷ் நடித்த 'ராஞ்சனா' இந்திப் படம் தமிழிலே 'அம்பிகாபதி' என்று வந்தது. முடிவிலே நாயகன் சாகிறான். 2025 ஆகஸ்டிலே அந்தத் தமிழ்ப் படத்தை மறுபடி திரையிட்டபோது, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றி அவனை உயிரோடு எழுப்பிட்டாங்க. இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார். தனுஷும் எதிர்த்தார். உரிமை படநிறுவனத்துகிட்ட இருந்தது; படைச்சவர் சொல் எடுபடலை. எதிரணித் தம்பிக்கு ஒரு கேள்வி. நாளைக்கு இந்தமாதிரிப் படத்துக்கும் மானியம் கேட்டு மனு வந்தால் கொடுக்கலாமா, கூடாதா? கொடுக்கலாம் என்றால் யார் கையிலே கொடுப்பீங்க?

முறையாகச் செய்தவரும் உண்டு. 2024-இலே 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்கியா இருவர் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் இப்படித்தான் மறுபடி ஒலிக்க வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அந்தப் பண்பு எந்த எந்திரத்திலே இருந்து வந்தது? கேட்கணும்னு தோணினது ஒரு மனுஷனுக்குத்தானே!

எதிரணி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. "ஆயிரம் பேர் கூட்டத்தைக் கணினியே காட்டினால், காசிமேட்டிலே இருந்து நாள்கூலிக்குப் போற துணை நடிகர் அடுப்பு எப்படி எரியும்? சலுகைதானே காப்பாத்தணும்?" என்றாங்க. ஆமாம்மா. ஆனா அந்த 40 விழுக்காட்டிலே பெரும்பகுதி செலவுக்குத்தான் கணக்கு. மனுஷன் வேலை செய்தானா என்று நிபந்தனை போட்டால்தான் அது மனுஷன் கைக்கு வரும். அமெரிக்காவிலே 2023-இலே திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, எந்திரத்தை எழுத்தாளராகக் கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்திலே எழுதி வாங்கினாங்க. அதை வாங்கிக் கொடுத்தது மானியம் இல்லே.

அப்புறம் நம்ம வடசென்னை. நம்ம குத்துச்சண்டைப் பரம்பரைகளைச் சொன்ன 'சார்பட்டா பரம்பரை' 2021-இலே தியேட்டருக்கே வராமல் வீட்டுத் திரைக்கு வந்தது. டிக்கெட்டே இல்லாத படத்துக்கு டிக்கெட் வரியிலே என்ன சலுகை தருவீங்க? ஆனாலும் உலகம் பார்த்தது. 2023 டிசம்பர் புயலிலே எண்ணூர்க் கழிமுகத்திலே எண்ணெய் பரவினபோது, மீனவர்கள் படகிலே போய்க் கையாலே அள்ளினாங்க. அந்த நாற்றம் வலையை விட்டு எத்தனை நாள் போகலை என்பதை அள்ளினவன்தான் சொல்லணும். அவன் சொல்லி, இங்கே ஒரு பையன் அதைப் படமாக்கினால், அவனுக்குக் கொடுங்க மானியம்.

எங்கப்பா துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர். 1989-இலே தவறிட்டார். சாவு வீட்டுக்குக் கானா பாட ஒருத்தர் வந்தார். படிப்பு கிடையாது. வந்ததும் பாடலை. எங்கம்மா பக்கத்திலே தரையிலே உட்கார்ந்து, "அண்ணன் வேலை முடிஞ்சு வந்ததும் என்னா செய்வாரு அண்ணி?" என்று கேட்டார். காலையிலே இருந்து அம்மா அழவே இல்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. "வேட்டி மடிப்பை உதறுவாரு, நாலு கோதுமை விழும், கோழி ஓடியாரும்" என்றாங்க. ராத்திரி டோலக்கு தட்டி அவர் பாடினபோது, அந்தக் கோழி வாசல்லே வந்து நின்னு காத்துக்கிட்டிருந்தது பாட்டிலே. அப்பத்தான் எங்கம்மா வாய்விட்டு அழுதாங்க.

தம்பி கேட்பார்: "அந்த விவரத்தைக் கணினிக்குக் கொடுத்தால் அதுவும் எழுதுமே?" எழுதும் தம்பி. என்னைவிட நல்லாக்கூட எழுதும். ஆனா எங்கம்மா பக்கத்திலே போய்த் தரையிலே உட்கார்ந்து கேட்டது யாரு?

நடுவர் மணி அடிச்சிட்டார். மனிதனின் கற்பனையே என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)