இரவு 11 மணிக்கு மேல் கால் கட்டணம்

நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் போகாத மாநிலம் அரிது. செல்பேசி வருமுன், வடக்கே போன ஓட்டுநர் வீட்டுக்குப் பேச, வெளியூருக்கு நேரடியாக எண் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. பூத்தைத் தேடுவார். அதுவும் இரவு 11 மணிக்கு மேல்தான்!

காரணம், கட்டணம். பகலில் முழுசு, மாலையில் பாதி, 11 மணிக்கு மேல் கால் பங்கு. தொலைபேசித் துறையின் தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். ஊர்களுக்கு இடையே இருந்த தடங்கள் கொஞ்சம். பகலில் வியாபாரிகளும் அலுவலகங்களும் அவற்றை நிரப்பிவிடுவார்கள். இரவில் சும்மா கிடக்கும். அவசரமில்லாத பேச்சை இரவுக்குத் தள்ளியது விலைதான். என்ன, நெரிசல் கம்பியிலிருந்து பூத் வாசலுக்கு இடம் மாறியது!

அதற்கும் முந்தைய, ஆபரேட்டரிடம் பதிந்து காத்திருந்து பேசும் டிரங்க் கால் காலத்தில் 'அர்ஜென்ட்' என்று பதிந்தால் இரட்டைக் கட்டணம், வரிசையில் முந்தலாம்.

கண்ணாடி இழைக் கம்பிகள் வந்தபின் தடங்கள் பெருகின. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு 1 ரூபாய் என்றது. ஆனாலும் நெரிசலை விலையால் தடுக்கும் பழைய கணக்கு மறையவில்லை. தீபாவளி, புத்தாண்டு நாட்களில் செல்பேசி நிறுவனங்கள் குறுஞ்செய்திச் சலுகையை நிறுத்திவைத்தன. அன்றைக்கு வாழ்த்து ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு.