அணியின் நடுவே ஒரு சகோதரி

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுச் சீனன்குடாவில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டை ஒட்டி எங்கள் சங்கம் செய்யவிருக்கும் பணிகளுள் ஒரு யோசனை பற்றி இன்று பேசும்படி கேட்கப்பட்டிருக்கிறேன். கல்லூரியின் ஒவ்வொரு விளையாட்டு அணியிலும் ஒரு கிறிஸ்தவ மாணவியை 'ஆன்மீகத் தலைவி' எனத் தெரிந்தெடுத்து, அணித்தலைவிக்குச் சூட்டுவது போல அவருக்கும் ஒரு சின்னம் சூட்ட வேண்டும் என்பதே அந்த யோசனை. வேண்டும் என்போரும் எங்களிடையே இருக்கிறார்கள், வேண்டாம் என்போரும் இருக்கிறார்கள். வலைப்பந்து ஆடியவள், இன்று ஞாயிறுப் பாடசாலையில் கற்பிப்பவள் என்பதால் இரு பகுதியாரும் என்னிடம் வந்தார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணி வேண்டும். அந்தச் சின்னம் வேண்டாம். ஏன் என்று சொல்லவே இந்த உரை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டு டொன் மக்லானன் என்ற பயிற்றுநர் கிறிஸ்தவ விளையாட்டு வீரர்களுக்கென ஓர் ஐக்கியத்தைத் தொடங்கினார். அங்குள்ள பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவ வீரர்கள் சிறு குழுக்களாகக் கூடி வேதம் வாசிப்பதும், அவர்களுள் ஒருவர் தன் அணிக்காக ஜெபிப்பதும் அதனால் பரவின. வெளிநாட்டில் வாழும் எங்கள் சகோதரிகள் தம் பிள்ளைகளின் பாடசாலைகளில் இதைக் கண்டு, நல்லெண்ணத்தோடு எங்களுக்கும் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் விளையாட்டும் விசுவாசமும் எங்களுக்குப் புதிய உறவல்ல. கூடைப்பந்தாட்டத்தை 1891இல் உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், இறையியல் கற்றவர். கரப்பந்தாட்டத்தை 1895இல் அமைத்த வில்லியம் மோர்கனும் வை.எம்.சி.ஏ. பணியாளரே. அந்தக் கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்கள் கல்லூரிகளில் உருமாறியதே எங்கள் வலைப்பந்தாட்டம். சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆகவே எங்கள் மைதானத்தில் போட்ட வெள்ளைக் கோடுகளுக்கும் மிஷன் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு.

கிழக்கு மாகாணத்தில் இன்னும் நெருக்கமான தொடர்பு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பல தலைமுறைப் பிள்ளைகளை விளையாட வைத்தார்கள். வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பு மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது. யூஜின் ஹேபேர்ட் அடிகளார் இரண்டு கல்லூரிகளிலும் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூடச் சென்ற தமிழ் இளைஞர் ஒருவரோடு அவர் காணாமற்போனார். இன்றுவரை இருவரும் வீடு வந்து சேரவில்லை. அவருடைய அணிகளில் ஆடிய பிள்ளைகள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்லர். மார்பில் எந்தச் சின்னமும் குத்திக்கொண்டு அவர் ஆன்மீகத் தலைவராகவில்லை. ஆபத்தான காலத்திலும் இந்த மக்களை விட்டுப் போகாமல் இருந்தார். அதனாலேயே எல்லா மதத்துப் பிள்ளைகளும் இன்றும் அவரை 'எங்கள் பாதர்' என்கிறார்கள்.

இப்போது எங்கள் அணியைப் பார்ப்போம். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின் இந்நாட்டு மிஷன் பாடசாலைகளுள் பெரும்பாலானவை அரசின் பொறுப்புக்குப் போயின. அதற்கு முன்பும் எங்கள் வகுப்பறைகளில் சைவப் பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது அவர்களே பெரும்பான்மை. முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சீனன்குடா எப்படிப்பட்ட இடம் என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணெய்க் குதங்கள், விமானப்படைத் தளம், மா ஆலை, சீமெந்து ஆலை, புகையிரத நிலையம் என்று வேலைக்காக எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்த துறைமுகக் கரை. எந்த ஒரு சமூகமும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் எங்களுடையது. வலைப்பந்துக் களத்தில் நிற்கும் எங்கள் ஏழு பேரில் கிறிஸ்தவப் பிள்ளைகள் இருவர் அல்லது மூவர்.

அந்த ஏழு பேரின் நடுவில் ஒருத்தியை நிறுத்தி, "இவள் உங்கள் ஆன்மீகத் தலைவி" என்று நாங்கள் சொன்னால், மற்ற நால்வர் அல்லது ஐவருடைய மனதில் என்ன ஓடும்? "எங்கள் ஆன்மாவுக்கு இவள் எப்படித் தலைவி?" என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். அணியில் இடம் போய்விடுமோ என்று பயந்து தலைகுனிந்து நிற்பார்கள். அப்படிப் பயத்தில் குனிந்த தலையை ஆண்டவர் ஜெபமாக எண்ணுவார் என்று நான் நம்பவில்லை. இந்நாட்டு அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மாவட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்து வாழ்ந்த காலம் எங்களுக்குப் போதும். பிள்ளைகள் பயமின்றி ஒன்றாக நிற்கும் சில இடங்களுள் விளையாட்டு மைதானமும் ஒன்று. அதில் ஒரு கோடு கூடுதலாகக் கீற வேண்டாம்.

அப்படியானால் கிறிஸ்தவப் பிள்ளை தன் விசுவாசத்தை வேலிக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு மைதானத்துக்குள் வர வேண்டுமா? அதுவும் இல்லை. இதற்கு ஒரு மாணவரை உதாரணம் காட்ட விரும்புகிறேன்.

எரிக் லிடெல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர். ஸ்கொட்லாந்துக்காக ரக்பி ஆடியவர். 1923 ஏப்ரலில் ஆர்மடேல் என்ற சிறு ஊரில் முதன்முறையாக மக்கள் முன் எழுந்து தன் விசுவாசத்தைச் சொன்னார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஆரம்பச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதில் ஓடவில்லை. 400 மீற்றரை 47.6 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். இந்தப் பாதியைத்தான் நாங்கள் ஞாயிறுப் பாடசாலையில் திரும்பத் திரும்பச் சொல்லுகிறோம்.

மற்றப் பாதி சீனாவில். அங்கே மிஷனரியாகப் பணியாற்றிய அவர், 1943 முதல் வெய்ஹ்சியன் என்ற யப்பானியத் தடுப்பு முகாமில் அடைபட்டார். அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், விளையாட்டுகளை ஒழுங்கு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விளையாட்டு வைக்கவில்லை. பிள்ளைகள் தாங்களே ஹொக்கி ஆடத் தொடங்கிச் சண்டையில் முடித்தார்கள். அடுத்து வந்த ஞாயிறு லிடெல் தானே போய் நடுவராக நின்றார். தங்கப் பதக்க வாய்ப்புக்காக மாற்றாத வழக்கத்தை, பிள்ளைகள் அடிபடாமல் இருப்பதற்காக மாற்றினார். 1945 பெப்ரவரி 21இல் அந்த முகாமிலேயே 43 வயதில் காலமானார்.

தனக்கென்று வரும்போது விசுவாசம் உறுதியாக இருக்க வேண்டும், பிறருக்கென்று வரும்போது அது இளக வேண்டும் என்பதை நான் இந்த இரண்டு ஞாயிறுகளிலிருந்தும் படித்தேன். நாங்கள் தேடும் மாணவி அப்படிப்பட்டவள்.

அவள் என்ன செய்வாள்? தங்கைமாரே, இது உங்களுக்காகச் சொல்வது.

முதலாவது, அவள் ஜெபிப்பாள். வலய மட்டப் போட்டிக்குப் போகும் பஸ்ஸில், தன் இருக்கையில், தன் அணியில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபிப்பாள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, ஒலிபெருக்கியும் தேவையில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கும்படி மலைப்பிரசங்கத்திலேயே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அணி முழுவதும் கைகோத்து நிற்கும் நேரத்தில் ஒரு நிமிட மௌனம் போதும். அந்த நிமிடத்தில் ஒருத்தி இயேசுவை நினைக்கட்டும், ஒருத்தி கோணேசப் பெருமானை நினைக்கட்டும், ஒருத்தி அல்லாஹ்வை நினைக்கட்டும். யாரும் யாருக்காகவும் உதட்டை அசைத்து நடிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வெற்றியை மட்டும் கேட்டு ஜெபிக்கமாட்டாள். எதிரணியிலும் ஒரு பிள்ளை அதே ஆண்டவரிடம் அதே வெற்றியைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் ஓட்டப் பந்தயத்தை உவமையாக்குகிறார். கொரிந்து நகருக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த போட்டிகளை அவருடைய வாசகர்கள் அறிந்திருந்தார்கள். அங்கே சூட்டிய இலைக் கிரீடம் சில நாளில் வாடிவிடும். வாடும் கிரீடத்துக்கே அவ்வளவு கட்டுப்பாடு என்றால் வாடாததற்கு எவ்வளவு என்பது அவருடைய கேள்வி. ஆகவே கட்டுப்பாட்டைக் கேளுங்கள், காயமின்மையைக் கேளுங்கள், நடுவரின் தீர்ப்பு பிழைபோலத் தெரியும்போது வாயை அடக்கும் பலத்தைக் கேளுங்கள். தோற்ற அன்று எதிரணிக்கு முதலில் கைகொடுப்பவள் அவளாக இருக்கட்டும்.

மூன்றாவது, மற்றவர்களின் விசுவாசத்தையும் அவள் அறிந்திருப்பாள். ரமழானில் நோன்பு பிடிக்கும் பிள்ளை பிற்பகல் பயிற்சியில் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கமாட்டாள். அந்த மாதம் பயிற்சியைக் காலையில் வைக்கலாமா என்று ஆசிரியையிடம் கேட்பவள் யார்? கந்தசஷ்டி விரதத்தில் இருக்கும் பிள்ளைக்கு மயக்கம் வந்தால் தாங்கிப் பிடிப்பவள் யார்? தன் ஞாயிறு ஆராதனைக்கு இடம் கேட்கும் பிள்ளை, பிறருடைய நோன்புக்கும் விரதத்துக்கும் இடம் கேட்டுக் கொடுக்கட்டும். அப்போது அவளுடைய ஞாயிறுக்காக மற்றவர்கள் பேசுவார்கள்.

நான்காவது, களத்தில் இறங்காதவளைப் பார்ப்பாள். போட்டி முழுவதும் வாங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல்களைக் காத்த பிள்ளை, முழங்கால் வீங்கி ஒரு தவணை முழுக்க ஆட முடியாத பிள்ளை, சப்பாத்துக் கிழிந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சுகமில்லை என்று வீட்டில் நின்ற பிள்ளை, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் சீனன்குடாவுக்கு எப்படிப் போவது என்று ஐந்து மணிக்கே மணிக்கூட்டைப் பார்க்கும் பிள்ளை. ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவினார் என்று வாசிக்கிறோம். எங்கள் அணியில் கால் கழுவுதல் என்பது இவர்கள் பக்கத்தில் போய் அமருவதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளையிடம் மற்றவர்கள் மனம் திறப்பார்கள். வீட்டில் அடிபடுவதை, பஸ்ஸில் யாரோ தொந்தரவு செய்வதை, இன்னும் பாரமானவற்றைக்கூடச் சொல்லுவார்கள். பதினாறு வயதுப் பிள்ளை தனியே சுமக்கக்கூடிய சுமை அல்ல அது. "யாரிடமும் சொல்லாதே" என்று கேட்டாலும், ஆபத்தான விடயத்தை நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடம் அன்றே சொல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்திருக்க வேண்டும். ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆபத்தை மூடிவைப்பது ஆன்மீகம் அல்ல.

இனி எங்கள் சங்கத்துக்கு நான் முன்வைப்பது இதுதான். சின்னத்துக்கென ஒதுக்க நினைத்த பணத்தைப் பயிற்சி நாள்களில் தூரத்துப் பிள்ளைகள் வீடு போய்ச் சேரும் செலவுக்குக் கொடுப்போம். கிறிஸ்தவ மாணவிகள் விரும்பினால் வாரம் ஒருமுறை கூடி வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் அதிபரின் அனுமதியோடு ஓர் அறையும், வழிகாட்ட இரண்டு ஆசிரியைகளும் கிடைக்கச் செய்வோம். சைவ, முஸ்லிம் பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் அதே வசதி கிடைக்கட்டும். அணித் தெரிவில் மதம் ஒரு புள்ளிகூடக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எங்களில் இரண்டு பேராவது முறைவைத்து மாலைப் பயிற்சிக்குப் போய் நிற்போம். க.பொ.த. உயர்தரம் வந்ததும் விளையாட்டை விட்டுவிடும் பிள்ளைகளின் பெற்றோரிடம், விளையாடிப் படித்தவர்கள் என்ற உரிமையோடு நாங்களே போய்ப் பேசலாம்.

ஆன்மீகத் தலைமை ஒரு பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கும் பதவி அல்ல. கூட ஆடும் பிள்ளைகள் ஒருநாள் அவளிடம் வந்து, "நாளைக்கு எனக்காகவும் கும்பிடு" என்று தாங்களாகவே கேட்டால், அன்றைக்கு அவள் தலைவி. கேட்பவள் சைவப் பிள்ளையாக இருக்கலாம், முஸ்லிம் பிள்ளையாக இருக்கலாம். கேட்காவிட்டாலும் குறையில்லை, அவள் தொடர்ந்து தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கொடுப்பாள்.

இந்த நூறு ஆண்டுகளில் எங்கள் கல்லூரி அப்படிப்பட்ட பிள்ளைகள் பலரை வளர்த்திருக்கிறது. அவர்களின் பெயர்கள் எந்த வெற்றிக் கேடயத்திலும் பொறிக்கப்படவில்லை. ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருத்தியின் பெயராவது ஞாபகத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது நூற்றாண்டிலும் அந்த வரிசை தொடர வேண்டும். முடிவு சங்கத்தின் கையில்.