டி.சி. கொடுப்பதற்கு முன்னால்

(தென்காசியில் பெற்றோர், ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நம் பள்ளிகளில் வருகைப் பதிவேடு மெலிந்துவிடும். ஐந்தருவிக்கு ஓடும் பிள்ளைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் ஓடியவன்தான். சீஸன் முடிந்த பிறகும் வகுப்புக்குத் திரும்பாத பிள்ளையைப் பற்றித்தான் என் பேச்சு.

எங்கள் தெருவில் ஒரு பையன். ஆறாம் வகுப்பு. வாப்பா சவூதியில். உம்மா விடிந்தது முதல் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார். பையன் பக்கத்தில் இருப்பவனை அடிப்பான், நோட்டைக் கிழிப்பான், ஏன் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டான். 'அடங்காதவன்' என்று பெயர் வந்தது, பிரம்பு வந்தது, கடைசியில் டி.சி.யும் வந்தது. "இதில் என்ன எழுதியிருக்கு அண்ணே?" என்று அந்த உம்மா காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான் பையனை அருகில் உட்கார வைத்துப் பத்திரிகையை வாசிக்கச் சொன்னேன். அவனால் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை. அவனது நோட்டுகளைப் புரட்டினேன். படம் வரைந்த பக்கங்கள் பத்திரமாக இருந்தன. எழுதச் சொன்ன பக்கங்களை மட்டும்தான் கிழித்திருந்தான்!

ஆறு ஆண்டுகளாக யாரும் இதைக் கவனிக்கவில்லை. நானும் தினம் அவனைப் பார்த்தவன்தான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 வகைகளில் சேர்த்திருக்கிறது. கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும் என்றும் சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. அடிக்கவும் கூடாது, மனம் நோகடிக்கவும் கூடாது.

இங்கேதான் நமக்குச் சங்கடமான சேதி. அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் வேறொரு அமர்வு அந்தத் தீர்ப்பில் ஐயம் எழுப்பியது. அது ஒருபுறம் இருக்கட்டும். சிறுபான்மை உரிமைக்காக மேடை மேடையாகப் பேசுகிறோமே, அந்த உரிமை நம் வீட்டுப் பிள்ளையை வெளியே தள்ளவா?

ஆய்க்குடியைப் பாருங்கள், நமக்குப் பக்கத்து ஊர். 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுப் பயிற்சியில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். அவர்தான் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். படுக்கையில் இருந்தவர் அத்தனை பிள்ளைகளுக்கு வழி செய்திருக்கிறார். கை கால் நன்றாக இருக்கும் நம்மால் ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாதா?

ஆசிரியர்களே! நாற்பது, ஐம்பது பிள்ளைகளோடு நீங்கள் படும் பாடு தெரியும். உங்களை மட்டும் குற்றவாளியாக்க மாட்டேன். ஒரு பிள்ளை திடீரென்று மாறினால் பத்து நாள் குறித்து வையுங்கள்: எந்தப் பாடவேளையில் முரண்டு பிடிக்கிறான், அதற்கு முன் என்ன நடந்தது, காலையில் சாப்பிட்டானா, காது கேட்கிறதா, வீட்டில் மவுத்து ஏதும் உண்டா. பிறகு வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரை அழையுங்கள். 14417க்குப் பெற்றோரும் போன் செய்யலாம்.

நிர்வாகிகளிடம் ஒரே ஒரு கோரிக்கை. அந்தப் பத்து நாள் குறிப்பும் உம்மா வாப்பாவுடன் நேரில் பேசியதன் பதிவும் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் டி.சி. இல்லை என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் போனில் பேசுங்கள். அந்தப் பையனின் வாப்பாவுக்கு டி.சி. கொடுத்த விஷயமே மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.