பள்ளியா, பல்லியா? கைபேசியில் தமிழ் எழுதுதல்

(திருவேங்கடத்தில் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைபேசியில் எழுதுவதைப் பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொண்டார்கள். வருகைப்பதிவு, எண்ணும் எழுத்தும் மதிப்பீடு, பெற்றோர் வாட்ஸ்அப் குழு என்று நம் வேலையில் பாதி இன்று அந்தக் கருவியில்தான் நடக்கிறது. ஆனால் அதில் எழுத்து எப்படி உருவாகிறது என்று நாம் நின்று பார்ப்பதில்லை. அதைப் பார்க்க, இன்று கடைகளில் அநேகமாகக் கிடைக்காத ஒரு கைபேசியிலிருந்து தொடங்குகிறேன்.

2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எச்டிசி ட்ரீம்தான் முதல் ஆண்ட்ராய்டு கைபேசி. 3.2 அங்குலத் தொடுதிரை. திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து ஐந்து வரிசை விசைப்பலகை வெளியே வரும். மேசை இழுப்பறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வந்த நோக்கியா என்97 கைபேசியும் இந்த வகைதான். அதில் மூன்று வரிசை, இடைவெளி விசை வலது ஓரத்தில் இருக்கும். படிக்கும்போது முழுத்திரை கிடைக்கும், எழுதும்போது விரலுக்கு விசையின் மேடு தட்டுப்படும். நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன். கனம் கூடும், நகரும் பாகம் நாளடைவில் தேயும் என்பவை அதன் குறைகள்.

நமக்கு முக்கியமான குறை வேறு. விசையில் அச்சடித்த எழுத்து அச்சடித்ததுதான். ஆங்கிலத்திற்கு 26 விசை போதும். தமிழுக்கு உயிர் 12, மெய் 18, புள்ளி ஒன்று, ஆக 31 விசை வேண்டும். அந்தச் சின்னப் பலகையில் நமக்கு இடமே இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனிப்பலகை அச்சிட எந்த நிறுவனமும் எளிதில் முன்வராது. 2009இல் ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பு திரையிலேயே விசைப்பலகையை வரைந்து காட்டத் தொடங்கியது. இழுப்பறைப் பலகை மெல்ல மறைந்தது. அது மறைந்ததில் தமிழுக்கு லாபம். திரையில் வரையும் விசைக்கு அச்சு வேண்டாம், மென்பொருள் இருந்தால் போதும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானபோது, எண் விசைகளைத் தட்டித்தான் தமிழில் குறுஞ்செய்தி எழுத வேண்டியிருந்தது. இன்று அதே செல்லினத்தில் முழுத் தமிழ்ப் பலகையும் திரையில் வருகிறது.

இவ்வளவு வசதி வந்த பிறகும் நம் மாணவர்கள் எப்படி எழுதுகிறார்கள்? ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். நம்மில் பலரும் அப்படித்தான். அவசரத்துக்குப் பெரியவர்கள் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். எழுத்து இன்னும் கைவராத ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நிலை வேறு. 'பி, ஏ, எல், எல், ஐ' என்று அவன் தட்டினால் கைபேசி பல்லியையும் பள்ளியையும் மேலே காட்டுகிறது. முதலில் வந்ததைத் தொட்டுவிட்டுப் போகிறான். லகரமா ளகரமா என்று முடிவு செய்தது அவன் அல்ல, இயந்திரம். மனம், மணம் விஷயத்திலும் இதே கதை. நாம் கரும்பலகையில் ஆண்டு முழுவதும் சொல்லித்தரும் வேறுபாட்டை அவன் விரல் ஒருமுறைகூடப் பழகுவதில்லை.

இதற்கு மாற்று நம் கையிலேயே இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைச் சொல்கிறேன். உயிர் எழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் கி. முதல் வகுப்பு உயிர்மெய் அட்டவணைதான் இது. (க் + இ அல்லவா இலக்கணம் என்று தமிழாசிரியர்கள் கேட்பீர்கள். சரிதான். இந்தப் பலகையில் விசை அகரமேறிய மெய்யைத் தருகிறது, புள்ளி தனியே வைக்க வேண்டும்.) பழைய தட்டச்சுப் பொறியில் 'கெ' எழுத முதலில் கொம்பை அடித்து அப்புறம் ககரத்தை அடிப்போம். அது கண் பார்க்கும் வரிசை. தமிழ்99 காது கேட்கும் வரிசை.

இன்னொரு நயமும் உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ங-வை அடுத்து க, ந-வை அடுத்து த போன்ற இன எழுத்துகளுக்கும் அப்படியே. அம்மா எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. திருவேங்கடம் எழுதுவோம்: த, இ, ர, உ, வ, ஏ, ங, க, ட, ம, புள்ளி. பதினொன்று. இதே பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினால் பதின்மூன்று. ஆங்கிலத்தில் அடித்தால் வேகம் என்பது பழக்கத்தின் வேகமே.

கணினி இல்லாத தொடக்கப் பள்ளியில் என்ன செய்வது? ஒரு சார்ட் தாளில் பலகையை வரைந்து சுவரில் ஒட்டுங்கள். ஒரு பிள்ளை சொல்லைச் சொல்லட்டும், இன்னொரு பிள்ளை குச்சியால் விசைகளைத் தொட்டுக் காட்டட்டும். பள்ளி என்றால் குச்சி ளகரத்துக்குப் போக வேண்டும். தவறான எழுத்துக்குப் போனால் வகுப்பே கத்தும், நீங்கள் திருத்த வேண்டியிருக்காது. உயர்நிலைப் பள்ளிகளின் ஹைடெக் லேப் கணினிகளில் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் வழியாக இதே பலகையைப் பயன்படுத்தலாம். முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லோரும் கைபேசியை எடுத்துத் தமிழ்99 பலகையைத் திறங்கள். முதலில் உங்கள் பள்ளி இருக்கும் ஊரின் பெயரை அடியுங்கள். எத்தனை தட்டு என்று எண்ணிச் சொல்லுங்கள்.