பதிவாளரின் மேசையும் தோட்டத்து ஸ்டோரும்



தோட்டத்தில் ஒருவர் பூச்சிமருந்து குடித்து இறந்தால் மறுநாள், வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக் களத்தில் காரணம் தேடுகிறோம். புருசன் குடிகாரன், நகை அடகில், காதல், கடன் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். அந்தப் போத்தலில் இருந்த மருந்தை விற்க அனுமதித்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் எனக்களித்த பொழுதை அந்தக் கேள்விக்கே செலவிடுகிறேன்.

1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. 2005இல் அது 24. இடைப்பட்ட பத்தாண்டு நமக்கு நல்ல காலம் என்று எவரும் சொல்லமாட்டார். போர் நடந்தது, சுனாமி வந்தது, சாராயமும் குறையவில்லை. வேலையின்மை, மது, விவாகரத்து, போர் ஆகியவற்றின் ஏற்றவிறக்கம் இந்த வீழ்ச்சியை விளக்கவில்லை என்று டேவிட் கனல் குழுவினர் 2007இல் எழுதினார்கள்.

விளக்கம் பேராதனையில் இருந்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லிகளைப் பதிவுசெய்யும் அதிகாரத்தை அங்குள்ள ஒரு பதிவாளருக்குக் கொடுத்தது. 1984இல் பரத்தியன், மெதைல் பரத்தியன் போயின. 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடொபொஸ். அவற்றின் இடத்தை என்டோசல்பான் பிடித்துக்கொண்டு ஆட்களைக் கொன்றபோது, 1998இல் அதுவும் நிறுத்தப்பட்டது. இந்த வரிசையில் நான் மதிப்பது இந்தக் கடைசிப் படியைத்தான். தடை விதித்ததோடு வேலை முடிந்தது என்று பதிவாளர் அலுவலகத்தார் இருந்துவிடவில்லை. வைத்தியசாலைகளில் அடுத்து எந்த மருந்து கொல்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விளைச்சல் விழுந்துவிடும் என்ற அச்சமும் பொய்த்தது. 1995 முதல் 2015 வரை இந்தத் தடைகள் ஏறத்தாழ 93,000 உயிர்களைக் காத்தன என்று பின்னர் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர் தொகை இதே அளவுக்குக் குறையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வந்தவர்களுள் பிழைத்தவர்கள்தாம் கூடினார்கள். ஆகவே துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை ஒவ்வொரு பிரட்டுக் களத்திலும் எழுதி ஒட்டவேண்டும். ஆனால் உயிரோடிருப்பவருக்குத்தான் அந்த இலக்கம் பயன்படும்.

வட மத்திய மாகாண வைத்தியசாலைகளில் நஞ்சருந்திய நோயாளரிடம் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். குடிக்கத் தீர்மானித்ததற்கும் குடித்ததற்கும் இடையே பாதிப்பேருக்குமேல் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. அந்த அரை மணிக்குக் கையில் அகப்படுவது எதுவோ, அதுவே முடிவைத் தீர்மானிக்கிறது. இதை நம் சப்ரகமுவைத் தோட்டங்களில் வைத்து யோசியுங்கள். இறக்குவானை மலையிலிருந்தோ தெரணியகலைக்கு மேலுள்ள டிவிசன்களிலிருந்தோ லொறியோ ஆட்டோவோ பிடித்து, தோட்ட டிஸ்பென்சரி தாண்டி, இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ போய்ச் சேரவேண்டும். நச்சு குறைந்த மருந்து அந்தப் பயணத்துக்கு அவகாசம் தரும். பரகுவாட் தரவில்லை. அதற்கு முறிமருந்தே இல்லை. கிரமொக்சோன் என்ற பெயரில் தேயிலைக்கும் இறப்பருக்கும் அடித்த அந்தக் களைகொல்லியின் செறிவை முதலில் 20 விழுக்காட்டிலிருந்து 6.5க்குக் குறைத்தார்கள். 2008இல் தொடங்கிய படிப்படியான விலக்கல் 2011க்குள் முடிந்தது. டைமெதோயேட்டும் பென்தியனும் அதே காலத்தில் போயின.

பூட்டி வைத்தால் போதுமே என்று துரைமார் சிலர் சொல்வார்கள். அனுராதபுரத்தில் 180 கிராமங்களில் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தே பார்த்தார்கள். பாதிக் கிராமங்களில் விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்தார்கள். நஞ்சருந்துதல் குறையவில்லை என்று 2017இல் முடிவு வெளியானது. பெட்டிக்குச் சாவி உண்டு, சாவி வீட்டிலேயே இருக்கிறது. தோட்டத்து ஸ்டோரைப் பூட்டத்தான் வேண்டும். மருந்தடிக்கிற ஆளின் தோலையும் மூச்சையும் காக்கவும் அது தேவை. ஆனால் பூட்டைக் காட்டி, கொடிய மருந்தை உள்ளே வைத்துக்கொள்ள அனுமதி கேட்கக்கூடாது.

இன்று தடை என்றாலே தோட்டங்களில் முகம் சுளிக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. 2015இல் கிளைபொசேட்டை நிறுத்தினார்கள். காரணம் சிறுநீரக நோய் பற்றிய அச்சம், தற்கொலை அல்ல. புல்லு மண்டியது, கள்ளச் சந்தை வந்தது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். 2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரேயடியாக நிறுத்திய கூத்து அந்த வருடம் முடியுமுன்பே கைவிடப்பட்டது. இந்த இரண்டையும் 1984, 1995, 1998 தடைகளோடு ஒரே கூடையில் போடுவது அநீதி. அந்தப் பழைய தடைகள் ஒவ்வொரு மருந்தாக, சாவுக் கணக்கைப் பார்த்து, பயிருக்கு வேறு மருந்து இருக்கிறதா என்று விசாரித்து எடுக்கப்பட்டவை. இந்த இரண்டும் மேடையில் அறிவிக்கப்பட்டவை.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2023இல் ஆறு மருந்துகளைத் தற்கொலைத் தடுப்புக்காகவே நிறுத்தினார்கள், 60 நாளைக்கு மட்டும். இந்தியச் சட்டத்தில் மாநிலத்தின் கை குறுகிய காலத்துக்குத்தான் நீளும். நம் பதிவாளருக்கு நாடு முழுவதற்கும் அதிகாரம் இருக்கிறது.

அதனால் நம் தொழிற்சங்கங்களிடம் எனக்கொரு கோரிக்கை. சம்பளப் பேச்சில் உட்காரும்போது, தோட்டத்து ஸ்டோரில் இருக்கும் மருந்துகளின் பெயர்ப்பட்டியலையும் கேளுங்கள். ஒவ்வொன்றின் நச்சு வகுப்பையும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எந்த மருந்தால் எத்தனை பேர் வைத்தியசாலைக்கு வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற கணக்கை இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ஆண்டுதோறும் வாங்கிப் பேராதனைக்கு அனுப்புங்கள்.