மசல்பரோவின் ஒன்பது குழிகள்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், எஸ்க் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மசல்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரின் கடலோரப் புல்வெளியில், ஒன்பது குழிகள் மட்டுமே கொண்ட கால்ஃப் திடல் ஒன்று உண்டு. இன்றும் ஆட்டம் நடந்துவரும் கால்ஃப் திடல்களில் இதுவே மிகப் பழையது என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் ஏற்றிருக்கிறது. அந்தப் பெருமை ஸ்காட்லாந்தின் இன்னொரு ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸின் திடலுக்குத்தான் சேர வேண்டும் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்து அரசி மேரி 1567-இல் இங்கே ஆடினார் என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. அது கதைதான். எழுத்துச் சான்றாக நிற்பது ஒரு வழக்கறிஞரின் கணக்குப் புத்தகம். சர் ஜான் ஃபௌலிஸ் என்பவர், 1672 மார்ச் 2-ஆம் நாள் மசல்பரோவில் கால்ஃப் ஆடித் தோற்ற பணத்தைத் தம் செலவுக் கணக்கில் எழுதி வைத்தார். பந்தயத்தில் விட்ட காசைக்கூட மறைக்காமல் எழுதும் வழக்கம் அவருக்கு இருந்ததால், இந்தத் திடலுக்கு 350 வயதுக்கு மேல் ஆகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இதை யாரும் வரைபடம் போட்டு அமைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் கரையோரத்தில் பல இடங்களில், கடலுக்கும் வயல்களுக்கும் நடுவே உழவுக்கு உதவாத மணற்பாங்கான புல்நிலம் கிடக்கும். மழைநீர் அதில் தேங்காது. ஆடுகள் மேய்வதால் புல் குட்டையாகவே இருக்கும். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த பள்ளங்களே பிற்காலத்தில் ஆட்டக்காரர்களைச் சோதிக்கும் மணற்பள்ளங்கள் ஆயின என்பார்கள். ஊர்ப் பொது நிலமான இந்த வெளியில் முதலில் ஏழு குழிகள் இருந்தன. 1832-இல் எட்டாவதும் 1870-இல் ஒன்பதாவதும் சேர்ந்தன.

கால்ஃபில் ‘குழி’ என்பது பந்து விழும் ஓட்டையை மட்டும் குறிப்பதில்லை. பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து அந்த ஓட்டை வரைக்குமான முழு ஆடுகளத்தையும் அப்படியே அழைப்பார்கள். மசல்பரோவின் ஒன்பது குழிகளையும் கூட்டினால் நீளம் 2,874 கஜம்தான். இன்றைய பெரிய போட்டித் திடல்களில் 18 குழிகளுக்கு 7,000 கஜத்துக்கு மேல் இருக்கும். பாதியாக்கிப் பார்த்தாலும் மசல்பரோ சிறியதே.

ஆனால் அது சிறியதாகத் தோன்றாத காலம் ஒன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தோல் உறைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்த பந்தால் ஆடினார்கள். திறமையான ஆட்டக்காரருக்கே அது 200 கஜம் போவது அரிது. நனைந்தால் கனத்துவிடும், தையல் விட்டால் தீர்ந்தது. அந்தப் பந்துகளைச் செய்வதில் பேர்போன கூர்லே குடும்பம் இதே ஊரில்தான் தொழில் நடத்தியது. 1848-ஐ ஒட்டி, மலாயாக் காட்டு மரப்பாலில் செய்த குட்டா பெர்ச்சா பந்து வந்தது. நூற்றாண்டின் முடிவில் ரப்பர் நூல் சுற்றிய பந்து வந்தபோதுதான் மசல்பரோ சட்டென்று சுருங்கிப்போனது.

குழிகளின் பெயர்களே ஊரின் வரலாற்றைச் சொல்லிவிடும். முதலாவது ‘குட்டைக் குழி’. இரண்டாவது ‘கல்லறைகள்’. 1547-இல் அருகே நடந்த பிங்கி போரில் மாண்ட வீரர்கள் அங்கே புதைக்கப்பட்டதாக நம்பிக்கை. ஐந்தாவது கடற்குழி. ஒன்பதாவதுக்குப் பக்கத்திலிருந்த எரிவாயு ஆலையின் பெயர். மூன்றாவது குழி, அருகே செல்லும் சாலையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சாலையில் போய் விழுந்த பந்தை அடிப்பதற்காகத்தான் அடியில் பித்தளைத் தகடு பதித்த மட்டை இந்த ஊரில் உருவானது என்பதும் செவிவழிச் செய்தி.

நான்காவது குழி ‘ஃபோர்மன் அம்மையார்’. குழியின் அருகிலேயே அந்த அம்மையாரின் மதுக்கடை இருந்தது. கடைச்சுவரில் ஒரு சிறு திறப்பு வைத்து, ஆட்டத்தை விட்டு வெளியேறாமலே ஆட்டக்காரர்கள் பானம் வாங்கிக்கொள்ள வழி செய்திருந்தார்கள். கால்ஃப் வரலாற்றின் பெரிய சண்டை ஒன்றும் இந்தக் கடையோடு பின்னிக் கிடக்கிறது. 1870-இல் செயின்ட் ஆண்ட்ரூஸின் டாம் மோரிஸும் மசல்பரோவின் வில்லி பார்க்கும் பெரும் பணயத் தொகைக்கு ஆடிய போட்டியின் கடைசிக் கட்டம் இங்கே நடந்தது. தங்கள் ஊர்க்காரரை ஜெயிக்கவைக்கக் கூட்டம் எல்லை மீறியது. நடுவராக இருந்த எடின்பரோ பதிப்பாளர் ராபர்ட் சேம்பர்ஸ் ஆட்டத்தை நிறுத்தினார். மோரிஸும் அவரும் ஃபோர்மன் அம்மையார் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பார்க்கோ மிச்சக் குழிகளைத் தனியாளாக ஆடி முடித்து, வெற்றி தமக்கே என்று பணம் கேட்டார்.

திடலின் இன்னொரு விசித்திரம், அதைச் சுற்றிக் குதிரைப் பந்தயப் பாதை ஓடுவது. 1816 முதல் இங்கே பந்தயங்கள் நடக்கின்றன. சென்னைவாசிகளுக்கு இது புதுமையாக இருக்காது. கிண்டிப் பந்தயத் திடலின் நடுவிலும் கால்ஃப் திடல் அமைக்கப்பட்டது. மசல்பரோவில் சில இடங்களில் பந்தயப் பாதையையும் அதன் வெள்ளை வேலியையும் தாண்டிப் பந்தை அடிக்க வேண்டும். குதிரைகள் ஓடும் நாளில் கால்ஃப் கிடையாது.

இத்தனை நெருக்கடியான இடத்தில்தான் உலகின் மிகப் பழைய கால்ஃப் போட்டியான ஓபன் சாம்பியன்ஷிப் ஆறு முறை நடந்தது: 1874, 1877, 1880, 1883, 1886, 1889. ஒரே நாளில் 36 குழிகள், அதாவது ஒன்பது குழிகளை நான்கு முறை சுற்ற வேண்டும். இந்தச் சின்ன ஊரிலிருந்து ஐந்து ஓபன் சாம்பியன்கள் வந்தார்கள். முதல் ஓபனை வென்ற வில்லி பார்க், அவர் தம்பி மங்கோ, மகன் வில்லி ஜூனியர் மூவரும் ஒரே குடும்பம். 1886-இல் வென்ற டேவிட் பிரவுன் கூரைக்குப் பலகைக்கல் வேயும் தொழிலாளி.

1883-ஆம் ஆண்டுப் போட்டி தனியாகச் சொல்லத் தக்கது. உள்ளூர்க்காரரான பாப் ஃபெர்கூசன் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றிருந்தார். எதிரி வில்லி ஃபெர்னி ஒரு குழியில் 10 அடிகள் எடுத்தும் ஆட்டம் சமமாக முடிந்தது. மறு ஆட்டத்தில் கடைசிக் குழிக்கு வரும்போது ஃபெர்கூசன் ஒரு அடி முன்னிலையில் இருந்தார். ஃபெர்னி முதல் அடியிலேயே பந்தைக் குழியைச் சுற்றிய புல்தரைக்கு அனுப்பி, நெடுந்தூரத்திலிருந்து இரண்டாவது அடியில் குழிக்குள் தள்ளிவிட்டார். ஒரே ஒரு அடியில் ஃபெர்கூசனின் நான்காவது பட்டம் போயிற்று. பிற்காலத்தில் அவர் இதே திடலைப் பராமரிக்கும் வேலை பார்த்தார்.

1889-இல் போட்டி நவம்பர் மாதத்தில் நடந்தது. அந்தப் பருவத்தில் ஸ்காட்லாந்தில் சீக்கிரமே இருட்டிவிடும். பின்னால் வந்தவர்கள் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஆடி முடித்ததாகச் சொல்வார்கள். ஆண்ட்ரூ கிர்கால்டி, ஓர் அங்குலமே மிச்சமிருந்த பந்தை அலட்சியமாக ஒற்றைக் கையால் தட்டிக் கோட்டைவிட்டார். அவருக்கும் வில்லி பார்க் ஜூனியருக்கும் ஆட்டம் சமமாகி, மறு ஆட்டத்தில் பார்க் வென்றார்.

சாம்பியன்களுக்கு வெகு முன்பே இங்கே மீன்காரப் பெண்கள் ஆடினார்கள். பக்கத்துத் துறைமுகமான ஃபிஷர்ரோவிலிருந்து மீன்கூடைகளை முதுகில் சுமந்து எடின்பரோவுக்கு நடந்தே போய் விற்றவர்கள் அவர்கள். ஓய்வு நாட்களில் அவர்கள் கால்ஃப் ஆடுவதை அலெக்ஸாண்டர் கார்லைல் என்ற பாதிரியார் 1790-களில் பதிவு செய்திருக்கிறார். மணமான பெண்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் கால்பந்து ஆட்டத்தில் மணமானவர்களே எப்போதும் வெல்வார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். 1810 டிசம்பரில் உள்ளூர் கால்ஃப் சங்கம், புத்தாண்டில் நன்றாக ஆடும் மீன்காரப் பெண்ணுக்குப் பரிசு அறிவித்தது: ஒரு புதிய மீன்கூடை, ஒரு சால்வை, பார்சிலோனாப் பட்டுக் கைக்குட்டைகள் இரண்டு. பெண்களுக்கான கால்ஃப் போட்டி குறித்துக் கிடைத்த முதல் சான்று இதுதான். கூடையைப் பரிசாகத் தேர்ந்தவர்களுக்கு அந்தப் பெண்களின் பிழைப்பு தெரிந்திருந்தது.

உலகம் முழுவதும் கால்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், 108 மில்லிமீட்டர். அதே அளவில் குழி வெட்டும் 1829-ஆம் ஆண்டுக் கருவி ஒன்று ராயல் மசல்பரோ சங்கத்திடம் இன்னும் இருக்கிறது. 1890-களில் அந்த அளவே பொது விதியானது.

புகழே திடலுக்குப் பாரமாகிவிட்டது. எடின்பரோவின் பெரிய சங்கங்கள் ஒவ்வொன்றாக இங்கே குடியேறியிருந்தன. ஊர்மக்களும் ஆடினார்கள். ஒன்பது குழிகளில் நெரிசல் தாங்கவில்லை. கால்ஃபின் முதல் எழுத்து விதிகளை 1744-இல் வகுத்த கனம்பொருந்திய எடின்பரோ சங்கம், 1891-இல் மியூர்ஃபீல்டு என்ற இடத்தில் தனக்கென்று திடல் அமைத்துக்கொண்டு வெளியேறியது. ஓபனை நடத்தும் உரிமை பெற்றிருந்த மூன்று சங்கங்களில் அதுவும் ஒன்று என்பதால், போட்டியும் அதோடு போய்விட்டது. 1892-இல் ஓபன் மியூர்ஃபீல்டில் நடந்தது. முதன்முறையாக 72 குழிகளுக்கு நீண்டது. மசல்பரோக்காரர்கள் கோபத்தில் ஒரு போட்டிப் பந்தயமே நடத்திப் பார்த்தார்கள். பலனில்லை. மற்றச் சங்கங்களும் வெளியேறின. 1924-இல் ராயல் மசல்பரோ சங்கமே வேறு திடலுக்கு மாறியது.

இப்போது திடல் கிழக்கு லோதியன் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை; கட்டணம் செலுத்தி யாரும் ஆடலாம். ஹிக்கரி மரப்பிடி போட்ட பழைய பாணி மட்டைகளை வாடகைக்கு எடுக்கும் வசதியும் உண்டு. நவீன மட்டையால் அடித்தால் பல மணற்பள்ளங்களின் தலைக்கு மேலே பந்து பறந்துவிடும். ஹிக்கரி மட்டையோடு போனால் 1889-இல் இடைஞ்சல் கொடுத்த பள்ளங்கள் இன்றும் இடைஞ்சல் கொடுக்கும்.